மலை தரும் இரட்டை உருவம்

மலைகளுக்கு நடுவே நின்று ஒருவன் உரக்கக் கூவினால், சிறிது நேரத்தில் அந்தக் கூவலே எதிர்மலையிலிருந்து திரும்பி வருவதை மலைநாட்டார் யாவரும் அறிவர். ஒலி காற்றினூடே ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். எதிரே நிற்கும் பாறை 170 மீற்றருக்கு அப்பால் இருக்குமாயின், ஒலி அங்கே சென்று திரும்புவதற்கு ஒரு செக்கன் ஆகும். எதிரொலி என்பது இதுவே. ஒலிக்கு எதிரொலி இருப்பது போலவே வானலைகளுக்கும் எதிரொலி உண்டு. அதனைக் காது கேட்பதில்லை. ஆயினும், தொலைக்காட்சித் திரையிலே அது கண்ணுக்குப் புலப்படுகிறது. செய்தி வாசிப்பவருடைய முகத்துக்கு வலப்புறத்தே மங்கலாக மற்றொரு முகம். ஒரு கம்பத்துக்கு அருகே இன்னொரு கம்பம். எழுத்துக்குப் பக்கத்தில் அதே எழுத்தின் சாயல். இவ்வாறு தோன்றும் இரண்டாவது உருவத்துக்கு மேனாட்டுப் பொறியியலாளர் 'பேய்' என்று பெயரிட்டனர். நம் நாட்டு வீடுகளில் 'படம் இரட்டையாகத் தெரிகிறது' என்றும், 'நிழல் விழுகிறது' என்றும் சொல்வார்கள். காரணத்தை நோக்கும்போது நிழலுருவம் என்ற பெயரே பொருத்தமாகத் தோன்றுகிறது.

இந்த நிழலுருவம் எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிந்துகொள்வதற்குக் கண்டி மாநகரும் அதன் சுற்றுப்புறமும் மிகவும் ஏற்ற இடங்களாகும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலே, கிண்ணம் போன்றதொரு பள்ளத்தாக்கில் நகரம் அமைந்திருக்கிறது. தெற்கே ஹந்தானை மலைத்தொடர் எழுகிறது. மேற்கே பைரவகந்தை நிற்கிறது. வாவிக்கு வடக்கே உடவத்தக்கலைக் காடு மேடாக உயர்கிறது. அப்பால் மகாவலி கங்கை வளைந்தோட, அதற்கும் அப்பால் வடகிழக்கிலே தும்பறை மலைத்தொடர் தெரிகிறது. 1815ஆம் ஆண்டு வரை கண்டி இராசதானியைக் காத்து நின்ற அரண்கள் இம்மலைகளே. பகைவரின் படையைத் தடுத்த அதே மலைகள், பிற்காலத்தில் வானலையையும் தடுத்தன. தடுத்ததோடு நில்லாமல் அதனைத் திருப்பியும் அனுப்பின.

இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979ஆம் ஆண்டு ஏப்ரில் 13ஆம் திகதி தொடங்கியது. சுயாதீன தொலைக்காட்சிச் சேவை அன்று பன்னிப்பிட்டியிலிருந்து கொழும்பையும் அதன் அண்டையையும் நோக்கித் தனது அலைகளைப் பரப்பியது. மலைநாட்டுக்கு அது எட்டக்கூடியதாக இருக்கவில்லை. யப்பான் நாட்டின் உதவியுடன் ரூபவாஹினி 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி தன் சேவையைத் தொடங்கியபோதுதான் நாடு தழுவிய ஒளிபரப்பு கைகூடியது. அதற்கென நுவரெலியாவை அடுத்துள்ள பீதுருதாலகால மலையுச்சியிலே பரப்பு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. 2,524 மீற்றர் உயரமுள்ள இம்மலையே இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகும்.

நாட்டின் மிக உயர்ந்த இடத்தைத் தெரிந்தெடுத்ததற்குத் தக்க காரணம் உண்டு. மத்திய அலையில் வரும் வானொலியின் அலைநீளம் சில நூறு மீற்றராகும். அத்தகைய நீண்ட அலை, நிலத்தைத் தழுவிச் செல்லும். குன்றுகளை வளைந்து கடக்கும். தொலைக்காட்சி அலையோ மிகக் குறுகியது. உயர் மீடிறனுடைய தொலைக்காட்சி அலைவரிசைகள் சிலவற்றில் அலைநீளம் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர். வேறு சிலவற்றில் அரை மீற்றரளவே. இவ்வளவு குறுகிய அலை, ஒளியைப் போன்றே பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்லும். விளக்கை உயர்த்திப் பிடித்தால் வெளிச்சம் அதிகத் தொலைவுக்குப் பரவும் என்பது போல, பரப்பியை உயர்ந்த இடத்தில் வைத்தால் அலை அதிகத் தொலைவுக்கு எட்டும். ஆனால் விளக்கு எவ்வளவு உயரத்தில் இருந்தாலும், சுவருக்குப் பின்னே நிழல் விழுந்தே தீரும்.

கண்டி நகரத்திலிருந்து பீதுருதாலகால ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவில், தென்கிழக்கை அடுத்துத் தெற்கே சற்றுச் சாய்ந்த திசையில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையேயுள்ள உயர வேறுபாடு 2,000 மீற்றர். இவ்வுயரம் பெரிதாகத் தோன்றினும், 35 கிலோமீற்றர் தொலைவுக்கு அதனைப் பகிர்ந்து பார்த்தால், அலை வந்திறங்கும் சாய்வு 3 பாகை அளவினதே. வீட்டு முற்றத்திலிருந்து 3 கிலோமீற்றருக்கு அப்பால், அந்தத் திசையில், வீட்டைவிட 170 மீற்றர் உயர்ந்த மேடு ஒன்று இருந்தாலே போதும், நேர்வழி அடைபட்டுவிடும். ஹந்தானையின் சிகரங்களோ கடல்மட்டத்துக்கு மேல் 1,000 மீற்றரைத் தாண்டியவை. ஆதலின், அம்மலையின் வடக்கு அடிவாரத்தை ஒட்டிய வீடுகள் பல, நாட்டின் மிக உயர்ந்த பரப்பு நிலையத்துக்கு அண்மையில் இருந்தும் அதன் நேரான பார்வையிலிருந்து மறைந்தே இருக்கின்றன.

அவ்வாறு மறைந்திருந்தாலும் அலை முற்றாக அற்றுப்போவதில்லை. மலைமுகட்டின் விளிம்பிலே அலையின் ஒரு பகுதி கீழ்நோக்கி வளைந்து இறங்கும். அது மெலிந்த அலை. அதே வேளையில், ஹந்தானைக்கு மேலாகத் தடையின்றிச் சென்ற வலிய அலை, பள்ளத்தாக்கின் எதிர்ப்புறத்திலுள்ள வேறொரு குன்றின் மீது மோதித் தெறித்து, அவ்வீட்டை நோக்கித் திரும்பி வரும். மெலிந்த அலை முன்னே வருகிறது. தெறித்த அலை பின்னே வருகிறது. வேறிடங்களில் முதல் அலை வலிதாக இருப்பதால் பின்வருவது கவனத்துக்குரியதாக அமைவதில்லை. மலையடிவாரத்திலோ இரண்டும் ஏறக்குறைய ஒத்த வலுவுடையனவாகின்றன. நிழலுருவம் அங்கே தெளிவாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

இவ்விடத்தில் வானொலி நேயருக்கு ஓர் ஐயம் எழலாம். தெறிப்பு எல்லா அலைக்கும் பொதுவாயின், வானொலிப் பெட்டியில் ஒவ்வொரு சொல்லும் இருமுறை கேட்க வேண்டுமல்லவா? வானலை ஒரு செக்கனில் 3 இலட்சம் கிலோமீற்றர் செல்கிறது. ஒரு மைக்குரோ செக்கனில், அதாவது ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில், அது 300 மீற்றர் செல்லும். தெறித்த அலை 3 கிலோமீற்றர் சுற்றி வந்தாலும் 10 மைக்குரோ செக்கன் மட்டுமே பிந்தும். ஒரு சொல்லை அதன் எதிரொலியிலிருந்து காது பிரித்தறிவதற்கு ஏறத்தாழ இருபதில் ஒரு செக்கனாவது இடைவெளி வேண்டும். ஆதலின் 10 மைக்குரோ செக்கன் காதுக்கு ஒரு பொருட்டே அன்று. எனினும், பண்பலை ஒலிபரப்பைக் கேட்டவாறு மலைப்பாதையில் வாகனம் ஓட்டுபவர்கள், வளைவுகளிலே திடீரென ஒலி கரகரத்து மறைந்து மீள்வதைக் கவனித்திருப்பார்கள். பலவழி வந்த அலைகள் ஒன்றையொன்று அழிப்பதும் அதற்கொரு காரணம்.

காதுக்குப் புலப்படாத இச்சிறு கால வேறுபாடு கண்ணுக்கு எவ்வாறு புலப்படுகிறது? தொலைக்காட்சி என்பது காலத்தை இடமாக மாற்றும் ஒரு கருவி என்று சொன்னால் விடை எளிதாகிவிடும். இலங்கை கைக்கொண்ட அனலொக் முறையிலே, ஒரு படம் 625 வரிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு செக்கனுக்கு 25 படங்கள். ஆக, ஒரு செக்கனில் 15,625 வரிகள் வரையப்படுகின்றன. பழைய பெட்டிகளிலே, படக்குழாயின் உட்புறத்தில் இலத்திரன் கற்றையொன்று, புத்தகம் வாசிக்கும் கண்ணைப் போல, இடமிருந்து வலமாக ஒவ்வொரு வரியையும் எழுதிச் செல்லும். ஒரு வரிக்கு 64 மைக்குரோ செக்கன். அதில் கண்ணுக்குத் தெரியும் பகுதி 52 மைக்குரோ செக்கன். எஞ்சியது, கற்றை மீண்டும் இடப்பக்கத்துக்குத் திரும்புவதற்குரிய ஓய்வு.

கற்றை ஓடிக்கொண்டே இருக்கும்போது, முதல் அலை 'இங்கே ஒரு வெள்ளைக் கம்பம்' என்கிறது. கற்றை அவ்விடத்தில் ஒளிப்புள்ளியை இடுகிறது. 10 மைக்குரோ செக்கன் கழித்துத் தெறித்த அலை வந்து அதே செய்தியைச் சொல்கிறது. அதற்குள் கற்றை வலப்புறமாக நகர்ந்துவிட்டது. பெட்டிக்கு இரண்டு செய்திகளையும் பிரித்தறியும் அறிவு இல்லை. ஆகவே புதிய இடத்திலும் ஒரு கம்பத்தை மங்கலாக வரைகிறது. ஒவ்வொரு வரியிலும் இதுவே நிகழ்வதால், முழுப் படத்துக்கும் வலப்புறம் தள்ளிய ஒரு பிரதி உண்டாகிறது. நிழலுருவம் பெரும்பாலும் வலப்பக்கமாகவே தோன்றுவதன் காரணம் இதுதான். பிந்தி வருவது வலப்புறம் விழுகிறது.

இதிலிருந்து ஒரு வியப்பான பயன் கிடைக்கிறது. 52 மைக்குரோ செக்கனில் வானலை செல்லும் தூரம் 15.6 கிலோமீற்றர். ஆகவே தொலைக்காட்சித் திரையின் அகலம், 15.6 கிலோமீற்றர் நீளமுள்ள ஓர் அளவுகோலுக்குச் சமமாகிறது. 40 சென்ரிமீற்றர் அகலமுள்ள, அதாவது பழைய 20 அங்குலப் பெட்டி ஒன்றின் திரையிலே, ஒரு சென்ரிமீற்றர் ஏறத்தாழ 390 மீற்றரைக் குறிக்கும். உண்மையான உருவத்துக்கும் நிழலுருவத்துக்கும் இடையே 3 சென்ரிமீற்றர் இருக்குமாயின், தெறித்த அலை நேரலையைவிட 1,170 மீற்றர் அதிகமாகச் சுற்றி வந்திருக்கிறது என்பது பெறப்படும். தெறிக்கச் செய்த குன்று வீட்டுக்கு நேர் பின்புறத்தே இருந்தால், அலை வீட்டைத் தாண்டிச் சென்று அதே வழியில் திரும்பியிருக்கும். ஆகவே குன்றின் தொலைவு அதில் பாதி, ஏறத்தாழ 585 மீற்றர். குன்று பரப்பு நிலையத்தின் திசைக்குச் செங்குத்தாகப் பக்கவாட்டில் இருந்தால், அதன் தொலைவு ஏறக்குறைய 1,170 மீற்றராகவே இருக்கும். சாதாரண அடிமட்டம் ஒன்றை எடுத்துத் திரையில் வைத்து அளந்தால், எந்தக் குன்று குற்றவாளி என்பதை ஊர் வரைபடத்தில் ஏறக்குறையக் காட்டிவிடலாம்.

ஒரே திரையில் மூன்று நான்கு நிழல்கள் அடுத்தடுத்துத் தோன்றுவதும் உண்டு. பல குன்றுகள், நீர்த்தாங்கிகள், உயர்ந்த கட்டடங்கள் என்பன தனித்தனியே அலையைத் தெறிக்கச் செய்கின்றன என்பதே அதன் பொருள். சில வேளைகளில் நிழலுருவம், புகைப்படத்தின் எதிர்ப்பிரதியைப் போல, கருமை வெண்மையாகவும் வெண்மை கருமையாகவும் மாறித் தோன்றும். இரண்டு அலைகளும் முடியோடு முடி சேர்ந்து வந்தால் ஒன்றையொன்று பெருக்கும். ஒன்றின் முடி மற்றொன்றின் தாழியோடு சேர்ந்தால் குறைக்கும். குறைக்கும்போது உண்டாவதே அந்தக் கறுத்த நிழல். ஆகாயவிமானம் பறந்து செல்லும்போது படம் படபடப்பதும் இவ்வகையினதே. விமானத்தில் தெறித்த அலையின் பாதை கணந்தோறும் மாறுவதால் பெருக்கமும் குறைவும் மாறி மாறி நிகழ்கின்றன.

இடப்பக்கத்தில் தோன்றும் நிழலுருவம் அரிது. அதன் காரணம் வேறு. அருகிலுள்ள கோபுரத்தின் வலிய அலை, நீண்ட வயரின் வழியே வந்து சேர்வதற்கு முன்னரே, பெட்டியின் உள்ளேயுள்ள கம்பிகளிலே நேராகப் பதிந்துவிடுவதுண்டு. அப்போது உண்மையான படத்துக்கு முன்பாக ஒரு மெல்லிய படம் இடப்புறம் நிற்கும். இதற்கு மலை பொறுப்பன்று. கூரையில் ஏறி அன்ரனாவைத் திருப்புவதாலும் பயனில்லை.

இனி, பரிகாரத்துக்கு வரலாம். படம் தெளிவில்லை என்றவுடன் பல வீடுகளில் செய்யப்பட்ட முதல் வேலை, கம்பத்தை இன்னும் உயர்த்துவது. இரண்டாவது வேலை, 'பூஸ்டர்' எனப்படும் விரியலாக்கி ஒன்றை வாங்கிப் பொருத்துவது. இரண்டுக்கும் பணம் வேண்டும். சம்பளத்திலே மீதம் பிடித்து முதன்முதலாக ஒரு பெட்டியை வாங்கிய குடும்பத்துக்கு, அதற்கு மேலும் இச்செலவு சிறிய சுமையன்று. ஆனால் நிழலுருவத்துக்கு விரியலாக்கி மருந்தாகாது. அது நேரலையைப் பத்து மடங்கு பெருக்கினால், தெறித்த அலையையும் அதே பத்து மடங்கு பெருக்கும். இரண்டின் விகிதமும் மாறாது. பனித்துகள் போன்ற புள்ளிகள் மறையலாம், நிழலோ முன்னிலும் திருத்தமாகத் தெரியும். அலை மெலிந்திருப்பது ஒரு நோய். அலை இரண்டு வழியாக வருவது வேறொரு நோய். முன்னதற்கு வலு வேண்டும். பின்னதற்கு வேண்டியது, ஒரு வழியை ஏற்று மற்ற வழியை மறுக்கும் தெரிவு.

அத்தெரிவைச் செய்யும் கருவி கூரையின் மேலேயே இருக்கிறது. மீன்முள்ளைப் போல ஒரு தண்டும் குறுக்குக் கம்பிகளும் கொண்ட அன்ரனாவை, யப்பானிலுள்ள தொஹொக்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷின்தாரோ உதாவும் ஹிதெத்சுகு யாகியும் 1926ஆம் ஆண்டளவில் உலகுக்கு அறிமுகம் செய்தனர். அதன் கம்பிகளுள் ஒன்று மட்டுமே வயரோடு இணைந்தது. அதற்குப் பின்னேயுள்ள சற்று நீண்ட கம்பி, பின்னாலிருந்து வரும் அலையைத் தடுத்து, முன்னாலிருந்து வருவதை மீண்டும் முன்னோக்கித் திருப்புகிறது. முன்னேயுள்ள குறுகிய கம்பிகள், தாம் நோக்கும் திசையிலிருந்து வரும் அலையைக் கூட்டிக் கொடுக்கின்றன. முன்கம்பிகளின் எண்ணிக்கை கூடக்கூட, அன்ரனாவின் பார்வை குறுகுகிறது. நிழலுருவம் உள்ள இடத்தில் இந்தக் குறுகிய பார்வையே பெறுமதியுடையது. ஆகவே நீண்ட கம்பத்தில் ஏற்றிய சிறிய அன்ரனாவைவிட, நடுத்தரமான உயரத்தில் பல கம்பிகளுடன் நிற்கும் அன்ரனா நன்மை தரக்கூடும்.

அதனைத் திருப்புவதிலும் ஒரு முறை இருக்கிறது. படம் மிகப் பிரகாசமாகத் தெரியும் திசையிலே நிறுத்திவிடுவது வழக்கம். ஆனால் அன்ரனாவின் உணர்வு, நேர்முன்னே உச்சமாகவும், பக்கவாட்டிலே சில கோணங்களில் ஏறக்குறைய இன்மையாகவும் இருக்கும். நேர்முன்னே சில பாகைகள் விலகினால் படத்தின் வலு சிறிதே குறையும். பக்கவாட்டிலோ அதே சில பாகைகள், நிழல் தரும் குன்றை அந்த இன்மைக் கோணத்துள் விழச் செய்துவிடலாம். எனவே ஒருவர் கூரையில் மெதுவாகத் திருப்ப, மற்றொருவர் பெட்டியின் முன்னிருந்து படத்தின் பிரகாசத்தைப் பாராது நிழலை மட்டும் பார்த்து, அது மிக மங்கும் இடத்தில் நிறுத்தச் சொல்வதே சரியான முறையாகும்.

அன்ரனாவை உயர்த்துவதற்குப் பதிலாகத் தாழ்த்துவதும் சில வீடுகளுக்குப் பொருந்தும். பரப்பு நிலையத்திலிருந்து நேரலை நன்றாக வருகிறது. ஆனால் வீட்டுக்குப் பின்னேயுள்ள குன்றிலிருந்து நிழல் வருகிறது என்று கொள்வோம். அன்ரனாவைக் கூரைக்கு மேலே நிறுத்தினால் இரண்டு திசையும் அதற்குத் திறந்திருக்கும். முன்சுவரின் ஓரமாகத் தாழ்த்திப் பொருத்தினால், வீடே குன்றுக்கும் அன்ரனாவுக்கும் இடையில் ஒரு திரையாகிவிடும். உயரமே நன்மை என்ற பொது எண்ணத்துக்கு இது மாறானதாயினும், தெறிப்பின் இயல்பை அறிந்தவருக்கு வியப்பளிக்காது.

நிழல் தரும் குன்று நேர்த்திசைக்கு அண்மையிலே, ஏறத்தாழ 30 பாகை விலகி இருந்தால், ஒரே அன்ரனாவினால் அதனை நீக்குவது கடினம். அப்போது ஒத்த வகை அன்ரனாக்கள் இரண்டை ஒரே உயரத்தில் பக்கம் பக்கமாக நிறுத்தி, சம நீளமுள்ள வயர்களால் இணைப்பர். அலைநீளம் 1.6 மீற்றராயின், அவற்றை 1.6 மீற்றர் இடைவெளியில் வைக்க வேண்டும். நேரலை இரண்டையும் ஒரே கணத்தில் அடைகிறது, ஆகவே கூடுகிறது. 30 பாகை சாய்ந்து வரும் அலையோ, ஓர் அன்ரனாவை அடைந்த பின் மற்றதை அடைய 0.8 மீற்றர் மேலும் செல்ல வேண்டும். அது சரியாக அரை அலைநீளம். ஒன்றில் முடி இருக்கும்போது மற்றதில் தாழி இருக்கும். இரண்டும் சேர்ந்து அழிந்துவிடும். ஒரு பைசாவுக்கும் மின்சாரம் செலவில்லாமல், கணக்கு ஒன்றினாலேயே குன்றின் குரல் அடக்கப்படுகிறது.

நேரலை அறவே எட்டாத ஆழ்ந்த பள்ளங்களில் நிலைமை தலைகீழாகிறது. அங்கே தெறித்த அலை ஒன்றுதான் கதி. பரப்பு நிலையத்துக்கு முதுகைக் காட்டி, எதிர்க்குன்றை நோக்கி அன்ரனாவைத் திருப்பினால், அக்குன்றே பரப்பு நிலையத்தின் கடமையைச் செய்யும். ஒரே தெருவிலுள்ள வீடுகளில் அன்ரனாக்கள் வெவ்வேறு திசைகளை நோக்கி நிற்பதைக் காண்பவர் அதனை அறியாமை என்று நினைக்கலாம். பெரும்பாலும் அது, பல நாள் முயன்று பார்த்து அவ்வீட்டார் கண்டறிந்த உண்மையாகும். தெறித்த அலை தனித்து வந்தால் அது நிழலன்று, அதுவே படம்.

மலையைக் குறை கூறுவதற்கு முன் வீட்டு வயரையும் சோதித்தல் நன்று. 75 ஓம் தடையுடைய உருண்டை வயரையும் 300 ஓம் உடைய தட்டை வயரையும் பொருத்தமான இணைப்பி இல்லாமல் முறுக்கிச் சேர்த்தால், அம்முடிச்சிலேயே அலை தெறித்து வயருக்குள் முன்னும் பின்னுமாக ஓடும். வயரில் வானலை ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வேகத்தோடு செல்வதால், 20 மீற்றர் வயரில் ஒருமுறை சென்று திரும்ப 0.2 மைக்குரோ செக்கன் ஆகும். 20 அங்குலத் திரையில் அது ஒன்றரை மில்லிமீற்றர் விலகல் மட்டுமே. தனி உருவமாகப் பிரிந்து தெரியாமல், எழுத்துகளின் ஓரங்கள் தடித்துக் கலங்கியது போல அது தோன்றும். நிழல் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதே நோயின் இருப்பிடத்தைச் சொல்லிவிடுகிறது.

வீட்டார் செய்யக்கூடியவை இவை. ஆனால் பொறுப்பு முழுவதையும் அவர்கள் தலையிலே சுமத்துதல் நீதியன்று. மலைமறைவில் இருப்போருக்கு அலையைக் கொண்டு சேர்ப்பது ஒளிபரப்பு நிலையங்களின் கடமையாகும். பெரிய பரப்பு நிலையம் ஒன்றின் வலுவை எவ்வளவு உயர்த்தினாலும் நிழற்பகுதியிலே நேரலையும் தெறிப்பும் ஒருங்கே உயரும், குறை நீங்காது. பள்ளத்தாக்கை நேராகப் பார்க்கும் மேட்டிலே சிறிய அஞ்சல் நிலையம் ஒன்றை அமைத்து, வேறொரு அலைவரிசையில் அதே நிகழ்ச்சியை மறுபரப்புச் செய்வதே தக்க வழி. மறைத்து நிற்கும் ஹந்தானையின் மேலேயே பின்னர் ஒளிபரப்புக் கோபுரங்கள் எழுந்தன. தடையாக இருந்த மலை அதனால் தானே விளக்குத் தண்டாயிற்று. எனினும், நகரத்தை நோக்கிய கோபுரம் மலையின் மறுபக்கத்து மடிப்புகளிலுள்ள தோட்டக் குடியிருப்புகளையும் சிற்றூர்களையும் நேராகப் பார்க்கிறதா என்ற கேள்வி ஒவ்வொரு கோபுரத்துக்கும் உரியது. வரைபடத்தில் வட்டம் ஒன்றை வரைந்து, 'இதற்குள் எல்லோருக்கும் படம் கிடைக்கும்' என்று கூறுவது சமவெளிக்குப் பொருந்தலாம், மலைநாட்டுக்குப் பொருந்தாது.

வீடுகளிலே தொல்லையாகக் கருதப்படும் இதே நிகழ்ச்சி, அறிவியலுக்குப் பேருதவி புரிந்திருக்கிறது. 1924ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் எட்வர்ட் அப்பிள்ற்றன் என்ற ஆங்கில அறிஞர், போண்மத் நகரிலிருந்த பி.பி.சி. வானொலி நிலையத்தின் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றச் செய்து, ஒக்ஸ்போர்ட் நகரில் அதனை வாங்கி ஆராய்ந்தார். நிலத்தை ஒட்டி வந்த அலையும், வானத்தில் தெறித்து வந்த அலையும் மாறி மாறிப் பெருக்கியும் குறைத்தும் காட்டின. அதிலிருந்து, நிலத்துக்கு மேலே 90 கிலோமீற்றரளவில் வானலையைத் தெறிக்கச் செய்யும் மண்டலம் ஒன்று உண்டு என்பதை அவர் நிறுவினார். 1947ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1935ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் திகதி, டவன்றி நிலையத்தின் சிற்றலை ஒரு விமானத்தில் தெறித்து வந்ததைக் கண்டறிந்த பரிசோதனையிலிருந்து பிரித்தானியாவின் ராடார் வளர்ந்தது. திரையில் அடிமட்டம் வைத்துக் குன்றின் தொலைவை அளப்பவரும் இவ்வறிஞர்களின் முறையையே பின்பற்றுகிறார்.

தெறிப்பைக் கருவியாலேயே நீக்கும் முயற்சிகளும் நடந்தன. 1989ஆம் ஆண்டிலிருந்து யப்பான் நாட்டின் ஒளிபரப்பிலே, கண்ணுக்குத் தெரியாத வரியொன்றில் முன்கூட்டியே தெரிந்த ஒரு குறியைச் சேர்த்து அனுப்பும் முறை வந்தது. அக்குறி எவ்வாறு சிதைந்து வந்திருக்கிறது என்பதைப் பார்த்து, பெட்டி தானாகவே நிழலைக் கணக்கிட்டுக் கழித்துவிடும். டிஜிட்டல் முறை இதற்கும் ஒருபடி மேலே சென்றது. இலங்கை 2014ஆம் ஆண்டிலே தெரிந்துகொண்டதும் யப்பானில் உருவான டிஜிட்டல் முறையே. அதில் செய்தி ஆயிரக்கணக்கான நுண்ணலைகளுக்குப் பகிரப்பட்டு, ஒவ்வொன்றிலும் மெதுவாக அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு துணுக்குக்கும் முன்னே ஒரு காப்பு இடைவெளி விடப்படுகிறது. அவ்விடைவெளி 100 மைக்குரோ செக்கனாயின், 30 கிலோமீற்றர் வரை சுற்றி வரும் எதிரொலிகள் அதற்குள்ளேயே அடங்கிவிடும். கண்டியின் குன்றுகள் தரும் எதிரொலிகள் அதனினும் மிகச் சிறியவை. அடுத்த செய்தி தொடங்கும்போது முந்தியதன் எதிரொலி ஓய்ந்திருக்கும்.

ஆகவே டிஜிட்டல் திரையில் இரட்டை முகம் தோன்றுவதில்லை. ஆனால் மலை மறைந்துவிடவில்லை. அலை மெலிந்து ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால், படம் கட்டங்கட்டமாகச் சிதறும். பின்னர் உறைந்து நிற்கும். இன்னும் குறைந்தால் அறவே இல்லாமற்போகும். அனலொக் முறையிலே படம் படிப்படியாகக் கெட்டது. கெட்ட படத்தையும் மக்கள் பார்த்தார்கள். 1996ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் திகதி லாகூரில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டம் போன்ற ஒன்றிலே, சிறிய வெள்ளைப் பந்து இரண்டாகத் தெரிந்தாலும் ஓட்ட எண்ணிக்கையைப் படித்து மகிழ முடியும். டிஜிட்டல் முறையில் நல்ல படம் உண்டு, அல்லது படமே இல்லை; இடைநிலை மிகக் குறுகியது. நிழற்பகுதியில் வாழ்பவர்களுக்கு அது பெரிய வேறுபாடாகும்.

செய்மதி வழியாக வரும் அலைக்கு இத்தொல்லை பெரும்பாலும் இல்லை. நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள இலங்கையில், செய்மதிகள் பல வானத்தில் உயரமாகவே நிற்பதால், தட்டு அன்ரனா மலைகளுக்கு மேலாகப் பார்க்கிறது. அதன் பார்வை மிகக் குறுகியது. தெறிப்புக்கு அங்கே இடமில்லை. ஆனால் பல சேவைகளுக்கு மாதந்தோறும் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கிறது. கட்டணமின்றி வானிலிருந்து கிடைக்கும் பொது ஒளிபரப்பு, வெள்ளத்தின்போதும் மண்சரிவின்போதும் எச்சரிக்கை தர வேண்டிய ஒளிபரப்பு, மலைமடிப்பின் கடைசி வீட்டையும் எட்ட வேண்டும் என்பதில் ஐயமில்லை.

கோபுரங்களை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்கும் பொறியியலாளருக்கு, மலைமறைவில் வாழ்ந்த வீட்டாரின் அனுபவம் இப்போதும் பயன்படக்கூடியது. எந்தத் திசையிலிருந்து அலை நேராக வருகிறது, எந்தக் குன்று அதனைத் திருப்புகிறது, எந்த மூலையில் அலையே இல்லை என்பவற்றை அவர்கள் கூரையிலே நின்று கண்டறிந்தார்கள். பழைய கம்பங்களிற் சில இன்னும் அந்தத் திசைகளை நோக்கியே நிற்கின்றன. புதிய நிலையத்துக்குத் திட்டமிடுபவர், வரைபடத்தோடு அக்கூரைகளையும் ஒருமுறை பார்ப்பாராயின், நிழலில் விடப்படும் வீடுகளின் தொகை குறையும்.